நன்னடத்தைச் சான்றிதழின் ஐந்தாவது வரி

உத்தமபாளையத்தில் நான் தமிழாசிரியையாக இருந்த காலத்தில், வருடம் தவறாமல் எனக்கு எரிச்சல் மூட்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து, ‘இது பாராட்டா, அங்கதமா? காரணம் கூறுக’ என்று கேட்பார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கதம் என்று எழுதிவிடுவார்கள். பாராட்டாக இருந்தால் இப்படிக் கேட்டிருக்கவே மாட்டார்கள் என்கிற சூட்சுமம் அவர்களுக்குத் தெரியும். காரணம் கூறுக என்ற இடத்தில் ‘ஏனெனில் இதில் அங்கதம் பயின்று வந்துள்ளது’ என்று எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டுச் சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

பாடப்புத்தகத்தில் இருந்த உதாரணங்களும் அப்படித்தான். எந்தக் காலத்து ராஜாவையோ எந்தக் காலத்துப் புலவரோ கேலி செய்திருப்பார். ராஜாவையும் தெரியாது, புலவரையும் தெரியாது, பிள்ளைகள் எதைக் கண்டு சிரிப்பார்கள்? அதனால் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வகுப்புக்குக் கல்யாண நோட்டீஸ்களைக் கொண்டுபோக ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு நோட்டீஸ் அடித்தே ஆகவேண்டும். தாலி இல்லாமல்கூடச் சமாளித்துவிடுவார்கள் போலிருக்கும், நோட்டீஸ் இல்லாவிட்டால் அந்த மாப்பிள்ளைக்கு ஊரில் கூட்டாளியே இல்லை என்று அர்த்தம். ரோஸ் கலர் தாளிலோ மஞ்சள் தாளிலோ அடித்து, மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் நின்று ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ‘காணவில்லை’ என்று போட்டு மாப்பிள்ளையின் அடையாளங்களைச் சொல்லியிருக்கும். ‘பொதுமக்களுக்கு எச்சரிக்கை’ என்று இருக்கும். கோர்ட் சம்மன் மாதிரி, டாக்டர் சீட்டு மாதிரி, டெண்டர் அறிவிப்பு மாதிரி எல்லாம் பார்த்திருக்கிறேன். பெண் வீட்டார் வாங்கிப் படித்துச் சிரிப்பார்கள், மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் கடிப்பான், எல்லாரும் சாப்பிடப் போவார்கள். பந்தி முடியும்போது பாதி நோட்டீஸ் கை துடைக்கப் போயிருக்கும். மீதியை நான் பொறுக்கி வந்துவிடுவேன்.

அதை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால் வகுப்பு விழித்துக்கொள்ளும். மிகைப்படுத்தினால் அங்கதம் என்று முதலில் சொல்வார்கள். இல்லை என்பேன். எங்கள் ஊரில் மிகை என்பது கேலியின் அடையாளமே கிடையாது, அது மரியாதையின் அடையாளம். வார்டு மெம்பருக்குப் பிறந்தநாள் என்றால் ‘இமயமே, இந்தியாவின் விடிவெள்ளியே’ என்று பேனர் கட்டுவார்கள். கட்டினவன் முகத்தில் சிரிப்பு இருக்காது. மெம்பர் முகத்திலும் இருக்காது. அது நிஜமான பாராட்டுதான். அதே சமயம் பஸ் ஸ்டாண்டு முன்னால் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியபோது, ‘எங்கள் பகுதிக்கு நீச்சல் குளம் அமைத்துத் தந்தமைக்கு நன்றி’ என்று ஒருவர் அட்டையில் எழுதி நட்டுவைத்திருந்தார். அதில் மிகையான வார்த்தை ஒன்றுகூட இல்லை. நன்றி என்கிற வார்த்தை நல்ல வார்த்தை. ஆனால் அதைப் படித்த பிறகு நன்றி பெற்றவர் நம் கண்ணில் சின்ன ஆளாகிவிடுகிறார். அதைப் பாருங்கள் என்பேன். புகழ்ந்து முடித்த பிறகு ஆள் வளர்ந்திருக்கிறானா, சுருங்கியிருக்கிறானா? சின்ன விஷயத்துக்குப் பெரிய சட்டையை மாட்டியிருக்கிறார்களா? தெரிந்துகொண்டே தெரியாத மாதிரிப் பேசுகிறார்களா?

கடைசியாக இன்னொன்றும் சொல்வேன். எல்லா வரியும் சிரிப்பு மூட்டுகிற இடத்தில் ஒரே ஒரு வரி மட்டும் சிரிப்பு மூட்டாமல் இருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள், அங்கே நில்லுங்கள். எழுதினவனுக்கு நிஜமாகவே சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கும், மற்றதெல்லாம் அதற்குக் காவல். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நோட்டீஸ்களைப் படித்துப் படித்து நானாகச் சொல்லிக்கொண்டது. வகுப்பில் சொல்வதற்கு நன்றாக இருந்தது. அதைக் கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர்களுக்கு நடுவில் நின்று சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைக்கவில்லை.

அது இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, ஆவணி மாதம். என் நாத்தனார் மகனுக்குக் கல்யாணம். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா, நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் என்னை ஒருநாளும் உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை, டீச்சரு என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதையும் இருந்தது, நீ சம்பளத்துக்குப் போகிறவள் தானே என்கிற குத்தலும் இருந்தது. கம்பத்தில் மகனுக்கு மோட்டார் பம்ப்செட் சாமான் விற்கும் கடை. கடைக்கு எந்த இடம், போர்டுக்கு என்ன கலர், மகன் மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிட வரவேண்டும் என்பதெல்லாம் மதினி முடிவு செய்வது. மகனும் ஏன் என்று கேட்காத பிள்ளை. “எம் மகன் நான் கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டான்” என்பதை மதினி காப்பி கொடுக்கிற மாதிரி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்.

பெண் குமுளிக்கு அந்தப்பக்கம். அவர்களும் ஆதியில் நம் ஊர் ஆட்கள்தான், ஏலத்தோட்ட வேலைக்கென்று தாத்தா காலத்தில் மலை ஏறினவர்கள். பெண் படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி, படிக்க வேண்டுமென்றால் எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமனும்தான் எல்லாம். பேச்சில் ரெண்டு மலையாள வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கும், மற்றபடி எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் எங்கள் வழக்கமெல்லாம் அவர்களுக்கும் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கல்யாண நோட்டீஸ் மலை ஏறவில்லை என்பது அன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது.

காலை ஒன்பது மணிக்குமேல் முகூர்த்தம். நான் பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். கூட்டாளிகள் நோட்டீஸ் கட்டோடு வந்தார்கள், எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். இந்தத் தடவை ரோஸ் தாளில் ‘நன்னடத்தைச் சான்றிதழ்’. பள்ளிக்கூடத்தில் கொடுப்பது போலவே பார்டர் கட்டி, மேலே வட்ட முத்திரை போட்டு, கீழே ‘தலைமையாசிரியர்’ என்று கிறுக்கல் கையெழுத்து. முத்திரைக்குள் டீ கிளாஸ் படம்தான் இருந்தது, ஆனால் அச்சு ஈஷிக்கொண்டதில் ஏதோ சர்க்கார் முத்திரை மாதிரி ஆகிவிட்டது. அதில் இருந்ததை அப்படியே தருகிறேன், எனக்கு மனப்பாடம்.

‘டீக்கடை பெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் இடைவிடாது பயின்ற எங்கள் மாணவர் பற்றிச் சான்றளிப்பதாவது: சூரிய உதயம் என்று ஒன்று உண்டு என்பதைப் பாடப்புத்தகம் வழியாக மட்டுமே அறிந்தவர். பத்தாம் வகுப்பின் மேல் வைத்த பாசத்தால், அதைப் பிரிய மனமில்லாமல் மூன்று ஆண்டுகள் அங்கேயே தங்கியவர். பேருந்தில் பெண்கள் நிற்பதைக் காணச் சகியாத இளகிய மனத்தால், இடம் கிடைத்து உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்பவர். சமையற்கலையில் வெந்நீர் வரை தேர்ச்சி பெற்றவர். பெற்ற தாயின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாதவர்: பெண் பார்க்கப் போன இடத்தில், அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் தாம் பார்க்கவில்லை. நடத்தை: திருப்திகரம். இன்றுமுதல் இவர் விடுவிக்கப்படுகிறார். இனி இவருக்கு நாங்கள் பொறுப்பல்ல.’

நான் வெந்நீரில் சிரித்துவிட்டேன். பரவாயில்லையே, நல்ல கை என்று நினைத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அதற்குள் பெண்ணின் தாய்மாமன் கையில் ஒன்று போய்விட்டது.

அவர் வாசலிலேயே நின்று படித்தார். முகம் மாறியது. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு நேரே பெண் அறைக்குப் போனார், கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்து, “பொண்ணு இப்ப வராது. முதல்ல இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

நடந்தது இதுதான். அது யாரோ வேண்டாதவர்கள் அடித்த மொட்டை நோட்டீஸ் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். டிகிரி படித்த மாப்பிள்ளை என்று சொல்லிப் பெண் கேட்டு வந்தோம், பத்தாம் வகுப்பில் மூன்று வருடம் என்று முத்திரை போட்ட தாள் சொல்கிறது. ‘இனி இவருக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஹெட்மாஸ்டரே கைகழுவியிருக்கிறார். அவர்கள் பயந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு இடம் நிச்சயமாகி, கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு மொட்டைக் கடிதாசி வந்து நின்றுபோயிருக்கிறது. கடிதாசியில் இருந்தது பொய் என்று பிறகு தெரிந்ததாம். தெரிந்து என்ன செய்ய? இது இரண்டாவது தடவை. இதுவும் நின்றால் அந்தப் பிள்ளையை இனி யார் கேட்டு வருவார்கள் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் ஆட்கள் கதவுக்கு வெளியே நின்று கத்தினார்கள். “இது வெளையாட்டுக்கு அடிச்சதுய்யா!” என்று ஒருவர் கத்த, “கல்யாணத்துல என்னய்யா வெளையாட்டு?” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அது நியாயமான கேள்விதான். நோட்டீஸ் கொடுத்த கூட்டாளிகளைத் தேடினால் ஒருத்தனையும் காணோம், பந்தி நடக்கிற இடத்துக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த பக்கம் ஒளிந்துகொண்டான்கள். மதினி வேர்த்து வழிய என்னிடம் வந்தார்.

“ஏ டீச்சரு, இந்தச் சனியன வச்சுத்தான ஒம் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறயாம்? போயி அவுகளுக்கு நடத்து. இது வேடிக்கைன்னு அவுக ஒத்துக்கிடணும்.”

“நான் போய் என்ன மதினி சொல்ல?”

“என்னத்தையாச்சும் சொல்லு. மேளக்காரக உக்காந்துட்டாக.”

போனேன். அறையில் மல்லிகைப்பூ வாசனையும் வியர்வையும். பெண் நாற்காலியில் முழு அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தது, அழவில்லை. அதன் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார். மாமன் நின்றுகொண்டிருந்தார். இடுப்பிலிருந்த தாளை எடுத்து விரித்தேன். என் ஆசிரிய வாழ்க்கையில் அவ்வளவு பயத்தோடு நான் எந்த வகுப்பையும் ஆரம்பித்ததில்லை.

“இது மொட்டைக் கடுதாசி இல்லைங்க. எங்க ஊரு வழக்கம். மாப்பிள்ளையோட கூட்டாளிகளே அடிக்கிறது.”

“கூட்டாளியா? கூட்டாளி இப்படிக் குத்தம் சொல்லுவானா டீச்சரே?” என்றார் மாமன்.

“குத்தம் சொல்ற மாதிரிச் சொல்றதுதான் வழக்கம். மொட்டைக் கடுதாசி எழுதுறவன் ஒளிஞ்சு எழுதுவான். இவன்க வாசல்ல நின்னு கையில குடுத்தான்கள்ல?”

“எங்க நிக்கிறான்க? காணோமே!”

பாழாய்ப்போனவன்கள், அதற்கென்று விறகுக்குப் பின்னாலா போக வேண்டும்? நான் தாளுக்குத் திரும்பினேன். ‘டீக்கடை பெஞ்சுப் பல்கலைக்கழகம்’ என்பதைக் காட்டினேன். அப்படி ஒரு பல்கலைக்கழகம் உலகத்தில் உண்டா? மாமன் யோசித்தார். “இப்பத்தான் பல பேர்ல பல்கலைக்கழகம் வருதல்லே” என்றார். முத்திரைக்குள் இருந்தது டீ கிளாஸ் என்றேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கோபுரம்னு நெனச்சேன்” என்றார்.

ஜோக்கை விளக்குவது போலக் கேவலமான வேலை வேறு கிடையாது. சிரிப்பு வருகிற இடத்தைச் சுற்றி வேலி போட்டு, இந்தா இங்கே சிரிக்கணும் என்று காட்டுவது. ஆனால் அன்றைக்கு வேறு வழியில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு தடவை கணக்கில் கோட்டைவிட்டு மறுதேர்வு எழுதிப் பாஸ் ஆனவன்தான், அதை மூன்று வருடம் என்று ஊதிப் பெரிசாக்கியிருக்கிறார்கள், அதோடு பாசம் என்று ஒரு நல்ல வார்த்தையை அதற்குப் போர்த்தியிருக்கிறார்கள், வைய வேண்டிய இடத்தில் கொஞ்சுகிறார்கள் பாருங்கள் என்றேன். டிகிரி சர்டிபிகேட்டை வேண்டுமானால் கொண்டுவரச் சொல்கிறேன் என்றேன். ‘பொறுப்பல்ல’ என்பது கட்டிக்கொடுக்கிற வீட்டார் சொல்கிற மாதிரி கூட்டாளிகள் சொல்வது, இனி இவன் உங்கள் பொறுப்பு என்று அர்த்தம் என்றேன். மாமன் தலையை ஆட்டினார். முழுசாக நம்பவில்லை, ஆனால் கோபம் இறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பேருந்து வரிக்கு வந்தேன். “பொம்பளைக நிக்கிறதப் பாக்கப் பொறுக்காம கண்ண மூடிக்கிறாராம். இளகின மனசுன்னு போட்டிருக்கு. எந்திரிச்சு எடம் குடுக்கலன்னு சொல்லாம எப்படிச் சொல்லியிருக்கு பாருங்க.”

பெண்தான் முதலில் சிரித்தது. சட்டென்று, மூக்கால். சிரித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டது. வெந்நீர் வரியை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, பெண்ணின் அம்மா தலைப்புக்குள்ளேயே குலுங்கினார். மாமன் என்னைப் பார்த்து, “மனசிலாச்சு டீச்சரே. இது நம்ம முறை மாமன் கேலி பண்ணுற மாதிரி” என்றார். “அதேதான்” என்றேன். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வகுப்பை முடித்துக்கொண்டு கிளம்பத் தாளை மடித்தேன்.

“டீச்சர், அதக் கொஞ்சம் தாங்க” என்று பெண் கேட்டது.

கொடுத்தேன். மருதாணி போட்ட விரலை வரிக்கு அடியில் வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தம் வராமல் உதட்டை அசைத்துப் படித்தது. சூரிய உதயத்திலிருந்து மெதுவாக இறங்கி வந்தது. நான் படிக்காமல் விட்ட வரிக்கு வந்ததும் விரல் நின்றது. நான் அதை வேண்டுமென்று விடவில்லை, சிரிப்பு வந்ததும் காரியம் முடிந்தது என்று நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

“இதுல எது வேடிக்கை டீச்சர்?”

குனிந்து படித்தேன். ‘பெண் பார்க்கப் போன இடத்தில், அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் தாம் பார்க்கவில்லை.’ வாசலில் இதையும் படித்துத்தான் சிரித்திருந்தேன். இப்போது அதில் ஊதிப் பெரிசாக்கியது எது என்று தேடினேன், ஒன்றும் இல்லை. சின்னதற்குப் பெரிய சட்டை போட்டிருக்கிறதா என்று தேடினேன், அதுவும் இல்லை.

“இல்ல... கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாக” என்றேன்.

“கூட்டிச் சொல்லல டீச்சர். அன்னிக்கு வந்தப்ப அவரு நிமுந்து பாக்கவே இல்ல. நான் காப்பி குடுத்தேன், அப்பவும் பாக்கல. டம்ளர மட்டும் பாத்து வாங்கினாரு. ரொம்ப வெக்கப்படுற பையன்னு எங்க அம்மா சொன்னாக. நானும் அப்படித்தான் நெனச்சேன்.” தாளிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டது: “அவருக்கு என்னைய வேணாமோ?”

என் சொந்தப் பாடம் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. எல்லா வரியும் சிரிக்கிற இடத்தில் ஒரு வரி மட்டும் சிரிக்கவில்லை என்றால் அங்கே நில் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னவள் நான். இந்தப் பெண் எனக்கு முன்னால் அங்கே போய் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து மதினி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “என்ன, ஒத்துக்கிட்டாகளா?” என்றார். பெண் விரல் வைத்திருந்த இடத்தை எட்டிப் பார்த்தார். படித்ததும் அவர் முகத்தில் பெருமை பொங்கியதே, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

“இதுல கேக்க என்னத்தா இருக்கு? எல்லாத்துலயும் அவனக் கிண்டல் பண்ணுனாலும் இந்த ஒண்ணையாச்சும் உள்ளது உள்ளபடி போட்டிருக்கான்கள்ல. எம் மகன் எம் பேச்சத் தாண்ட மாட்டான். நான் பாத்தா அவன் பாத்த மாதிரி.”

மாமன், “நேரம் போகுது, வேடிக்கைதானே, விடும்மா” என்றார். பெண் விடவில்லை. மதினியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. “நீங்க போய் அவருகிட்டக் கேட்டுட்டு வாங்க டீச்சர். வேணாம்னா இப்பவே சொல்லிரட்டும். நின்னுபோனா எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல.”

அந்த நிமிஷம் எனக்கு என் வீட்டு ஆட்கள் எல்லார் மேலும் கோபம் வந்தது. ஒரு மனுஷியின் வாழ்க்கையை வைத்துக்கொண்டு ஒருத்தி பெருமை பேசுகிறாள், ஒருத்தன் தலையைக் குனிகிறான், நாலு பேர் நோட்டீஸ் அடிக்கிறான்கள், நான் அதற்கு உரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை அறை எதிர்ப்பக்கம்தான். மாலையோடு உட்கார்ந்திருந்தான். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, அங்கே கிடந்த ஒரு நோட்டீஸை எடுத்து அவன் மடியில் போட்டேன்.

“ஏலே, இந்த அஞ்சாவது வரிய எவன்டா எழுதினது? அன்னிக்கு அந்த ரூமுல ஒன் கூட்டாளி எவனும் இல்ல. நீ பாக்காதது அவன்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாந்தேன் எழுதச் சொன்னேன் அத்தே” என்றான்.

“எதுக்கு?”

“அம்மா படிக்கட்டும்னு.”

“அவுக படிச்சுட்டாக. பெருமைன்னு நெனச்சுட்டாக.”

அதைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று. “கடை எடம் பாத்தாக, என்னையக் கேக்கல. பொண்ணு பாத்தாக, என்னையக் கேக்கல. தேதி வச்சாக. ஒரு வார்த்த, ஒனக்குச் சம்மதமாடான்னு கேட்டாகளா அத்தே? அந்தக் கடுப்புலதேன் அன்னிக்கு நிமுரல. வேற ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணு மேல எனக்கு என்ன கோவம்? அதோட மொகங்கூட எனக்கு போட்டோலதேன் தெரியும்.”

“ஒனக்குக் கோவம் ஒங்க அம்மா மேல. தலையக் குனிஞ்சது யாரு முன்னாடி? அந்தப் பிள்ளைக்கு முன்னாடி. அது அங்கன உக்காந்து, என்னைய வேணாமான்னு கேக்குது. ஒன்னையாச்சும் ஒங்க அம்மா மட்டுந்தேன் கேக்கல. அதையக் கேக்காதது எத்தன பேருன்னு எண்ணிப் பாரு, அதுல நீயும் ஒருத்தன். நீ எழுதின நோட்டீஸ் சுட்டது ஒங்க அம்மாவ இல்லடா, அதத்தேன் சுட்டிருக்கு.”

மூச்சுவிடாமல் பேசிவிட்டேன். வகுப்பில்கூட நான் இவ்வளவு சத்தம் போட்டதில்லை. அவன் முகம் விழுந்துவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தான். “இப்ப நான் என்ன அத்தே செய்ய?”

“எனக்கென்ன தெரியும்? ஒனக்கு என்ன கேக்கலன்னு கோவமோ அத நீ போய்க் கேளு.”

முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் அறைக்குப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. மாலையும் பட்டு வேட்டியுமாக அவன் நடையைத் தாண்டி வந்ததைப் பார்த்து மேளக்காரர் ஒருவர் என்னமோ ஏதோ என்று வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார், அவரைக் கை காட்டி நிறுத்த வேண்டியிருந்தது. “ஏலே, இங்கன எதுக்குடா வந்த? போடா மணையில போயி உக்காரு!” என்றார் மதினி. அவன் போகவில்லை. எனக்குத் தெரிந்து அவன் தாண்டிய முதல் கோடு அந்த அறையின் நிலைப்படிதான்.

உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான். நிமிர்ந்து பெண்ணைப் பார்த்தான். பெண்ணும் பார்த்தது. அறையில் இருந்த எங்களுக்கெல்லாம் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மாமன் ஃபேனைப் பார்த்தார்.

“அன்னிக்குப் பாக்காதது எந் தப்புதேன்” என்றான். கனைத்துக்கொண்டான். “அது ஒங்களால இல்ல. எனக்குச் சம்மதம். ஒங்களுக்குச் சம்மதமா? இல்லன்னாலும் சொல்லுங்க, நான் போய் எல்லார்ட்டயும் என்னாலதேன்னு சொல்லிக்கிறேன்.”

அவனை நான் சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன். அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பெண்ணின் அம்மாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, மகளின் முழங்காலைத் தட்டிச் சொல்லு சொல்லு என்று ஜாடை காட்டினார். பெண் அவசரப்படவில்லை. மடியில் கிடந்த ரோஸ் தாளைக் குனிந்து ஒரு தடவை பார்த்தது. பிறகு முகத்தை ரொம்பப் பவ்யமாக வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சொன்னது:

“எங்க அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்.”

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் முதலில் புரிந்தது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, கழுத்து மாலை குலுங்க, வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்துப் பெண்ணுக்குப் பவ்யம் உடைந்துபோய் அதுவும் சிரித்தது. அப்புறம் அதன் அம்மா, அப்புறம் “மனசிலாச்சு, மனசிலாச்சு” என்றபடி மாமன். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. வகுப்பு முடிந்து கொஞ்ச நேரத்துக்குள் பாடத்தை இவ்வளவு சுத்தமாகப் பயன்படுத்திக் காட்டியவர்கள் என் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை.

சிரிக்காத ஆள் ஒருவர்தான். மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மருமகளாகப் போகிறவளைத் தலையிலிருந்து கால்வரை திருப்தியாகப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“பாத்தீகளா? இந்த நேரத்துலயும் அம்மாவக் கேட்டுத்தேன் சொல்லுவேங்குது. எம்புட்டு அடக்கம்! எம் மகனுக்கு ஏத்த பிள்ளையத்தேன் நான் பாத்திருக்கேன்.” என் பக்கம் திரும்பினார். “என்ன டீச்சரு, நாஞ் சொல்றது சரிதான?”

பெண் என்னைப் பார்த்தது. மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தான்.

“ரொம்பச் சரி மதினி,” என்றேன், “ஒங்களுக்கு ஏத்த மருமகதேன்.”